கண்ணாயிரத்தின் விசில்

என் தம்பி கண்ணாயிரத்தைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். களமருதூர்ப் பக்கம் சடுகுடு ஆடிய எவனைக் கேட்டாலும், "அவருகிட்ட கத்துக்கினதுதான்" என்பான். நான் கூடப் பிறந்தவள். பெண்டாட்டி செத்துப்போன அவனுக்கும் அவன் மகன் காசிநாதனுக்கும் சோறு பொங்கிப் போட்டவள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

விடியும் முன்னே மகனை எழுப்பி ஏரிக்கரையில் ஓட விடுவான். கூழைக் குடிக்க வைத்துவிட்டு, காலைப் பிடித்தால் எப்படித் திமிறுவது, இடுப்பைப் பிடித்தால் எப்படி நழுவுவது என்று சொல்லிக் கொடுப்பான். கூடவே புத்திமதி.

"டேய் காசி, பாடிக்கினு போறப்போ மூச்சு அறுந்தா விசிலுக்கு நிக்காத. நீயே கையைத் தூக்கிட்டு வெளிய வா. மூச்சு அறுந்தது உனக்குத்தான் தெரியும். பொய்யா ஆடுறவன் மனுசனே இல்ல."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பையனும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம். சாலையெல்லாம் புளிய மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணாயிரமும் போய் உட்கார்ந்து, எங்களுக்கு உள்ளதைக் கொடு என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தான். அந்த வாரம்தான் ஊரில் பந்தயம். கள்ளக்குறிச்சியிலிருந்து வரவேண்டிய ஆட்டக்காரர்களும் நடுவரும் வர வழியில்லை. பரிசு வாழைத்தாரோ ஏற்கெனவே பந்தலில் தொங்குகிறது.

"காலனிப் பசங்களக் கூப்புடலாம்பா" என்றான் காசி.

கண்ணாயிரம் முகத்தைச் சுளித்தான். ஆனால் ஆட்டத்தில் எல்லாரும் ஒன்று என்று அத்தனை காலம் பேசியவன் எப்படி மறுப்பான்? விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவனே நடுவராக நின்றான்.

கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் சமம். காசி பாடிக்கொண்டு போனான். எங்கள் வயலில் நாற்று நடும் பெரியம்மாளின் மகன் மாயவன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். உடும்புப் பிடி. காசி திமிறினான், உருண்டான், மூச்சு அறுந்தது. படுத்தபடியே கையைத் தூக்கினான்.

கண்ணாயிரம் விசில் ஊதினான். "காசி கோட்டத் தொட்டுட்டான்! தாரு நமக்கு!"

கோடு ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் கிடந்தது.

"இன்னாங்க இது, அவரே கையைத் தூக்குறாரே" என்றான் மாயவன்.

"நீ பேசாதடா. உங்கள ஆட வுட்டதே ஜாஸ்தி."

"எப்பா, நான் அவுட்டுப்பா" என்றான் காசி.

"வாய மூட்றா. எவன் கையில மாட்டினன்னு ஊரு பூரா சிரிக்கணுமா?"

சொல்லிக்கொண்டே குனிந்து, மகன் காலில் பதிந்திருந்த விரல் தடத்தைத் துண்டால் தேய்த்தான். நரகலைத் துடைப்பது மாதிரி. பிறகு அந்தத் துண்டைத் தோளில் போடவில்லை, அங்கேயே எறிந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தால், தாரை உத்தரத்தில் மாட்டிவிட்டு, "குளிச்சிட்டு உள்ள வாடா" என்கிறான். மகன் குளிக்கவில்லை. நேரே வந்து தாரை இறக்கித் தோளில் வைத்தான்.

"எங்கடா எடுத்துக்கினு போற?"

"ஜெயிச்சவன் வூட்டுக்கு."

"அந்தத் தெருவுல காலு வச்சின்னா இந்த வூட்டுப் படி ஏறக்கூடாது!"

"மூச்சு அறுந்தா கையைத் தூக்குன்னு நீதானப்பா சொன்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கொடுத்துவிட்டு, காலில் ஒட்டிய மண்ணோடே திரும்பி வந்து வாசலில் நின்றான். அப்பன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இன்னொரு தட்டை எடுத்து வைத்தேன்.

"உள்ள வந்து உக்காந்து துன்னுடா."

"யக்கா, அவன் குளிக்கல!"

"உனக்கு அருவருப்பா இருந்தா நீ எழுந்து போ."

எழுந்துதான் போனான், சோற்றில் கையை உதறிவிட்டு. அந்தத் தட்டை நான் நாய்க்குக் கூட வைக்கவில்லை. குப்பைக் குழியில் கவிழ்த்தேன்.

அதற்குப் பிறகும் வெகுகாலம் அந்த விசிலை மாட்டிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பேசினான். "என் மகன் காசியப் பாருங்கடா. உசிரே போனாலும் ஆட்டத்துல பொய் சொல்ல மாட்டான். அப்பிடி வளத்தேன்" என்பான். தூ! அவன் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன்.