ஏற்காட்டுக் காற்றுப் பெட்டி

ராமக்காள் போன ஆனியில் கண்ணை மூடினாள். வாழ்நாளில் அவள் முதலாளியை எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு தடவை.

அது 1943. அவளுக்கு இருபத்திரண்டு வயது. தர்மபுரி டூரிங் சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. புருஷன் பட்டாளத்துக்குப் போயிருந்தான். எட்டு மாதக் குழந்தை செல்லியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. கூடவே தூக்கி வருவாள்.

பீடிப் புகையும் குழந்தைகளின் மூத்திரமும் சேர்ந்து கொட்டகை நாறிக் கிடக்கும். முதலாளி பெரியண்ணன் பெங்களூரில் வெள்ளைக்காரர் கிளப்பிலிருந்து ஏலத்துக்கு வந்த, காற்றைச் சுத்தமாக்கும் ஓசோன் பெட்டியை எடுத்துவந்து பெண்கள் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினார். 'ஏற்காட்டுக் காற்று இங்கேயே' என்று தமுக்கடிக்கச் சொன்னார். சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக் குழாய்களுக்கிடையே நீலமாக மினுங்கும். இடி இறங்கிய இடத்தில் வருமே, அப்படியொரு காரமான வாசனை. நாற்றம் ஓடிவிட்டது.

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிப் பழகிய பெண்கள். இதுவும் அந்த மாதிரி என்று பெட்டிக்கு அடியில் தூளி கட்டப் போட்டி போட்டார்கள். நடு இடம் ராமக்காளுடையது.

பத்து நாளில் செல்லிக்கு நெஞ்சு இழுத்தது. கற்பூரவல்லிச் சாறு கொடுத்தாள். கேட்கவில்லை. கரண்டு எஞ்ஜின் பழுதாகி மூன்று நாள் ஆட்டம் நின்றது, இழுப்பு குறைந்தது. ஆட்டம் தொடங்கியதும் மறுபடி வந்தது.

ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் தடுப்புத் திரையை இழுத்துக் கட்ட பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வைத்திருந்தார்கள். யுத்த காலம், ரப்பர் கிடைக்காது. பெட்டியருகே கட்டியது குறுக்கே வெடித்து அறுந்து கிடந்தது. அதே டியூபில் வெட்டிய வாசல் நாடா அப்படியே இருந்தது. இரண்டையும் படம் ஓட்டும் ஆபரேட்டர் சவுரியப்பனிடம் கொண்டுபோனாள்.

"அண்ணே, இது மட்டும் ஏன் வெடிச்சுது?"

"காத்துல பிராணவாயு ரெண்டு ரெண்டா சோடி போட்டு நிக்கும், ராமக்கா. பொட்டி அத மூணாக்கி வுடுது. மூணாவது நிக்காது. கெடைச்சதப் புடிச்சு அரிச்சுப்புடும். நாத்தத்த அரிக்கும், ரப்பர அரிக்கும்."

"கொழந்த நெஞ்ச?"

"அதுக்கு ஆளு தெரியுமா?"

அன்றே பெரியண்ணனிடம் போனாள்.

"பொட்டிய நிறுத்துங்க மொதலாளி. கொழந்தைங்களுக்கு ஆகலீங்க."

"தொரைங்களே மூச்சுல இழுத்த பொட்டி. உன் வூட்டு மூக்குக்கு மட்டும் ஆகலையாக்கும்?"

"தொரைங்க அதுக்கடியில தூளி கட்டலீங்களே."

"வேல வேணுமா, வேண்டாமா?"

அவர் சொன்னதும் முழுப் பொய்யல்ல. கொஞ்சமாக இருந்தால் ஓசோன் நெஞ்சைத் தொடாது, நாற்றத்தையும் தொடாது. நாற்றத்தை ஓட்டும் அளவுக்குக் கூட்டினால் நுரையீரல் தப்பாது. இடைப்பட்ட நல்ல அளவு என்று ஒன்று கிடையாது.

மாலை ஆட்டத்தில் ராமக்காள் தூளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியே வேப்பமரத்தில் கட்டினாள். குழந்தைகள் பின்னால் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். "ஏற்காடு எறங்கி வெளிய வந்துட்டுது டோய்!" என்று தாய்மார்களில் ஒருத்தி நஞ்சம்மாள் சத்தம் போட்டாள். பெண்கள் பக்கம் காலி. பெரியண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு வந்தார்.

"ஆட்டத்துக்கு முன்னால, ஆளில்லாதப்ப அரை மணி ஓட்டுங்க. அப்பறம் நிறுத்திட்டு, படுதாவத் தூக்கிக் காத்தாட வுடுங்க. நாத்தமும் போவும்," என்றாள் ராமக்காள்.

காலி இடத்தை அவர் திரும்பிப் பார்த்தார். "நீயே போடு, நீயே நிறுத்து. டிக்கெட்டு கொறைஞ்சா உன்னத்தான் கேப்பேன்."

இழுப்பு அடங்க இருபது நாளாயிற்று. தினமும் வாசலுக்குப் போகுமுன் குழந்தையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். இருபத்தொன்றாம் நாள் விசில் சத்தம் இல்லை. மறுபடியும் வைத்துக் கேட்டாள். பிறகு தூளியில் போட்டுவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனாள்.