மலை தெரியாத ஹால்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு பள்ளி மைதானத்தில் விடிகாலையில் குங்ஃபூ சொல்லித் தருகிறேன். முதல் தடவை வருகிறவர்கள் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்லித் தருகிறவரா, கற்றுக்கொள்கிறவரா என்று கேட்பார்கள். இரண்டும்தான் என்பேன். வருகிறவர்களும் பறந்து பறந்து அடிக்கிற ஆட்கள் இல்லை. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், சர்க்கரை ஜாஸ்தி என்று டாக்டர் விரட்டிவிட்ட சிலர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் வீரம்.

போன வருஷம் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, பயிற்சியாளர் சான்றிதழ் இருந்தால்தான் இனி மைதானம் என்றார். கோடை விடுமுறை முடிவதற்குள் காட்ட வேண்டும். நியாயமான பேச்சு, மறுக்க முடியவில்லை. வேறு இடம் பார்க்கலாமென்றால், ஆசிரமப் பக்கத்து மொட்டை மாடிகளையெல்லாம் யோகாக்காரர்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லையென்றால் வகுப்பு இல்லை.

தேர்வு வேலூரில், ஒரு ஏசி ஹாலில். குத்து, தடுப்பு, உதை என்று கோர்த்த ஒரு நீண்ட தொடரை நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிச் செய்துகாட்டி, ஆரம்பித்த பக்கத்திலேயே வந்து முடிக்க வேண்டும். எனக்குத் தூக்கத்திலும் வரும் தொடர். ஆனால் அதை நான் சொல்லித் தரும் விதம் வேறு. வலது, இடது என்றால் பாதிப் பேர் மாறித் திரும்புவார்கள். எதிரே நின்று காட்டும் எனக்கே குழம்பும். அதனால் மலைப் பக்கம் குத்து, தண்ணீர் டேங்க் பக்கம் உதை, கலெக்டர் ஆபீஸ் பக்கம் தடு என்றுதான் சொல்வேன். யாரும் தப்பாகத் திரும்பியதே இல்லை. மலை நகராதே.

அந்த ஹாலில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைச் சுவர். மூன்றாவது திருப்பத்தில் என் கழுத்து தானாக மலையைத் தேடியது. அது திருவண்ணாமலையில்தான் இருக்கிறது என்பதை என் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பின் எந்தப் பக்கம் எத்தனை திரும்பினேனோ, கடைசியில் உள்ளங்கையில் முஷ்டியைப் பொருத்தி, தலை தாழ்த்தி, மிகுந்த பணிவோடு வணக்கம் வைத்தேன். நிமிர்ந்தால் எதிரே தண்ணீர் கேன்.

"மாஸ்டர், நாங்க இங்க இருக்கோம்" என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து தேர்வாளர்.

அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார்கள். அதுதான் கடைசி.

மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கலெக்டர் ஆபீசில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், சிரிக்காமல் கேட்டார்.

"வெளியூர்ல எவனாவது கைய வெச்சா, கொஞ்சம் இருப்பா, மலை எந்தப் பக்கம்னு கேட்டுட்டுத்தான் அடிக்கணுமா மாஸ்டர்?"

அன்று முழுவதும் அது குடைந்தது. என் தப்பை நான் எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை; மைதானம் முழுக்கப் பந்தி வைத்திருந்தேன். என்ன ஆனாலும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் எல்லோரையும் டேங்கைப் பார்த்து நின்று ஆரம்பிக்கச் சொன்னேன். ஒருவர்கூட அசையவில்லை. "காலங்காத்தால அண்ணாமலையாருக்கு முதுகு காட்டச் சொல்றீங்களே" என்றார் அக்கா. எனக்கும் உள்ளூர உறுத்தல்தான். முதலில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டு, அப்புறம் திரும்புவது என்று பேசி முடித்தோம். தினம் ஒரு பக்கம் பார்த்து ஆரம்பித்தோம். மருந்துக்கடைக்காரர் பின்னால் நின்றவர் காலை மிதித்தார், ஒரே குழப்பம். எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் நான் பதில் சொல்லவில்லை. முன்னால் வைத்த உங்கள் கால்விரல் எங்கே காட்டுகிறதோ அங்கிருந்து கணக்குப் பண்ணுங்கள் என்பேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி ஜன்னல்களைச் சாத்தி, என் கண்ணில் துண்டைக் கட்டி, நன்றாகச் சுற்றிவிட்டு, ஆரம்பிங்க என்பாள். ஃபிரிஜ்ஜை ஒருமுறை உதைத்தேன். அதில் நசுங்கியது என் கட்டைவிரல்தான். "டி.வி.ய மட்டும் ஒடச்சீங்கன்னா, அந்த எடத்துல உங்க சர்ட்டிஃபிகேட்ட மாட்டிட்டு சாயங்காலமெல்லாம் அதையே பாத்துக்குனு இருக்கணும்" என்றாள். விரல் வீங்கியிருந்தாலும் விடவில்லை. மாதக் கடைசியில், எந்த மூலையைப் பார்த்து நிறுத்தினாலும் ஆரம்பித்த பக்கத்திலேயே வந்து முடித்தேன்.

வேலூரில் அதே தேர்வாளர். என்னைப் பார்த்ததும் தண்ணீர் கேனை ஓரமாக நகர்த்தச் சொன்னார். அப்புறம், எங்களைப் பார்த்து நிற்க வேண்டாம், பக்கவாட்டுச் சுவரைப் பார்த்து ஆரம்பித்து அங்கேயே முடியுங்கள் என்றார். நான்காவது திருப்பத்தில் கால் ஒரு கணம் தயங்கியது. கால்விரலைப் பார்த்தேன், திரும்பினேன். சொன்ன சுவருக்கே வணக்கம் வைத்தேன்.

"குதிரை நிலைல இன்னும் கீழ எறங்கணும். தொப்பை தடுக்குதா?" என்றார். தடுக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மைதானம் கிடைத்துவிட்டது. சான்றிதழோடு எடுத்த முதல் வகுப்பில், ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்று எல்லோரும் ஒன்றாக ஆரம்பிக்கலாம் என்று துணிந்தேன். சான்றிதழ் வந்தால் புத்தி வரும் என்று எதில் எழுதியிருக்கிறது? நடுவே புகுந்து ஒருவரின் காலைத் திருத்தக் குனிந்தேன். சரியான நேரத்தில், சரியான பக்கம் திரும்பிய அக்காவின் முழங்கை என் மூக்கில் இறங்கியது.

"ஐயோ மாஸ்டர், நான்தான் தப்பா திரும்பிட்டேனா?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் திரும்புனீங்க" என்றேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் நிக்கக் கூடாத எடத்துல நின்னுட்டேன். மொதல்லருந்து போடுங்க."