எரர் சொல்லும் எஸ்.எஸ்.டி.

எங்கள் தெரு அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. மழை வலுத்த ஒரு வருஷம் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்தது. வடிந்த பிறகு கட்டிலையும் துணியையும் விட்டுவிட்டு எல்லோரும் முதலில் காயவைத்தது காகிதங்களைத்தான். பட்டா, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு என்று மொட்டை மாடிகளில் கல்லைத் தூக்கி வைத்துப் பரப்பியிருந்தார்கள். ஏரிக்கரையில் குடியிருப்பவர்களிடம் எப்போது யார் வந்து என்ன ஆதாரம் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. காகிதம் போனால் வீடு போன மாதிரிதான்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். லேத்திலிருந்து வரும் உதிரிபாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து பாஸ் போடுவதும் தள்ளுவதும் என் வேலை. கம்பெனியில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, ஃபைல்களைச் சேமிக்கப் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவ் மாட்டி, லினக்ஸ் ஏற்றி, துணி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். தெருவில் பதினாலு வீட்டுக் காகிதங்களையும் ஸ்கேன் செய்து அதில் சேர்த்தேன். வாராவாரம் வெளி டிரைவ் ஒன்றில் பழைய நகலை அழித்துவிட்டுப் புது நகல் எடுப்பேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபைல் சிஸ்டம் என்றால் என்னவென்று அப்போது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எந்த ஃபைல் டிரைவில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளும் முறை, அவ்வளவுதான். எதைப் போடுவது என்று என் கொழுந்தனிடம் கேட்டேன். அவர் ஐ.டி.யில் இருக்கிறார், பூந்தமல்லி பக்கம் ஃப்ளாட். லினக்ஸ் தானாகக் கொடுக்கும் இ.எக்ஸ்.டி. ஃபோரே போதும், கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போங்கள் என்றார். அழுத்திக்கொண்டே போனேன்.

இரண்டு வருஷம் கழித்து எதிர் வீட்டு அக்கா வந்தார். பக்கத்து அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்பவர். கரன்ட் இணைப்பை இறந்துபோன கணவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்ற வேண்டும், பட்டா நகல் வேண்டும் என்றார். அவருடைய அசல் பட்டா நனைந்து காய்ந்து, நான் ஸ்கேன் எடுத்த மறுமாதமே மடிப்பு மடிப்பாக உதிர்ந்துவிட்டிருந்தது. ஃபைலைத் திறந்தேன். மேலே கால் பக்கம் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே கடைசிவரை ஒரே சாம்பல் நிறம்.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, பேரு வரைக்கும் கீது. மீதி எங்க போச்சு?"

ஃபைலின் பெயர் சரி, தேதி சரி, அளவும் சரி. எந்த இடத்திலும் ஒரு எச்சரிக்கை இல்லை. ஓடிப்போய் வெளி டிரைவை மாட்டினேன். அதிலும் சாம்பல். கெட்டுப்போனதைத்தான் நான் வாராவாரம் ஒழுங்காக நகல் எடுத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் நானும் அக்காவும் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தோம். ஒவ்வொரு முறையும் நான் அரை நாள் லீவு போட்டேன். அவர் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் சொன்னார்.

"உன் மேல கோவம் இல்லம்மா. ஆனா அந்த மிஷினு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிக்கலாமில்ல."

சான்றிட்ட நகல் கடைசியில் கிடைத்தது. ஆனால் அந்த வார்த்தை எனக்குள்ளேயே இருந்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். நான் போட்டிருந்த ஃபைல் சிஸ்டம், ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பைத்தான் சரிபார்க்கும், உள்ளே இருப்பது எழுதியபடியே இருக்கிறதா என்று பார்க்காது என்பது அப்போதுதான் புரிந்தது. பார்க்கிறவையும் இருந்தன. அவை எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைப் போட்டுவைத்து, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும். எண் பொருந்தவில்லையென்றால் அந்த ஃபைலைக் கொடுக்காது, எரர் சொல்லும். இரண்டு டிரைவில் ஒரே விஷயத்தை எழுதிவைத்திருந்தால், நல்லதைப் பார்த்து கெட்டதைத் திருத்தும். ஒன்றின் பெயர் இசட்.எஃப்.எஸ்., இன்னொன்றை 'பட்டர்' என்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் நினைவகம் நாலு ஜி.பி.தான், முதலாவதற்கு அது பற்றாக்குறை. அதோடு அதைத் தனியாக ஏற்ற வேண்டும், லினக்ஸைப் புதுப்பிக்கும்போது ஒட்டாமல் போனால் நானேதான் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். பட்டர் லினக்ஸோடு கூடவே வருகிறது. அதை எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இதைச் சொன்னபோது கொழுந்தன் சிரித்துவிட்டார். நாலு காகிதத்துக்கு இவ்வளவு எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். ஃபோன் நம்பர் மாறியதில் என் அக்கவுன்ட் ஒருமுறை மூன்று வாரம் பூட்டிக்கொண்டதைச் சொன்னேன். மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பட்டாவை அவர்களைக் கேட்காமல் இன்னொரு கம்பெனிக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை என்றும் சொன்னேன். சரி, பட்டர் ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதும், வேகம் குறையும், அந்த வசதியையாவது நிறுத்திவிடுங்கள் என்றார்.

"அதை நிறுத்தினா சரிபார்ப்பும் நின்னுடும் தம்பி. அப்புறம் நான் எதுக்கு இதைப் போடறேன்?"

அவர் ஃபோனை எடுத்துத் தேடிப் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

இந்த முறை எந்தக் கேள்வியையும் சும்மா அழுத்தவில்லை. புதிதாக இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கினேன், வெவ்வேறு கம்பெனி தயாரித்தவையாக. ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்தவை ஒரே மாதிரி சாகக்கூடும். ஃபைலைச் சும்மா திறந்து பார்த்ததற்கெல்லாம் நேரம் குறித்து டிரைவைத் தேய்க்காதே என்று லினக்ஸுக்குச் சொல்லிவைத்தேன். ஃபைல் அழித்துக் காலியான இடங்களை டிரைவுக்குத் தெரிவிக்கும் வேலையை வாரம் ஒருமுறை மொத்தமாக வைத்தேன். மாதம் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்க வேண்டும். கரன்ட் போனால் யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும், அதற்குள் ஒழுங்காக நின்றுவிட வேண்டும். இன்னொரு நகல் வேப்பம்பட்டில் தங்கை வீட்டில். மாதம் ஒருமுறை மின்சார ரயிலில் அதைக் கைப்பையில் வைத்து எடுத்துப்போவேன். பழைய நகலை இப்போது அழிப்பதில்லை.

இரண்டாவது மாதச் சரிபார்ப்பிலேயே நாற்பத்தொரு எரர். எல்லாம் ஒரே எஸ்.எஸ்.டி.யில். மற்றதைப் பார்த்துத் திருத்திவிட்டதாகவும் போட்டிருந்தது. கேபிளை மாற்றினேன். மதர்போர்டில் மாட்டும் இடத்தை மாற்றினேன். மறுபடியும் அதே டிரைவில்தான் எரர். கழற்றி, வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் சர்வீஸ் பார்ப்பவர் ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தார். உடல்நிலை நூறு சதவீதம் என்று பச்சையில் வந்தது. திரையை என் பக்கம் திருப்பினார்.

"டிரைவ் நல்லா இருக்கு மேடம். நீங்க போட்டிருக்கிற ஃபார்மேட்தான் பிரச்சனை. விண்டோஸோட என்.டி.எஃப்.எஸ். போடுங்க, ஒரு எரரும் வராது."

"வராதுன்னு இல்லைங்க. சொல்லாது."

பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே, உங்கள் ஃபார்மேட்டையே போடுங்கள், டிரைவ் நிறையும்வரை ஃபைல் எழுதி, எழுதும் முன்னும் கழற்றி மாட்டிய பின்னும் சரிபார்ப்பு எண் எடுத்து ஒப்பிடுங்கள் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். எனக்கு இருக்கிறது என்று பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலை பத்தரை மணி.

பன்னிரண்டு மணிக்குக் கடை முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, செய்துதான் காட்டிவிடேன் என்று சர்வீஸ்காரரிடம் சொன்னார். எழுதினார்கள், கழற்றினார்கள், மாட்டினார்கள். எல்லா எண்ணும் பொருந்தியது. சர்வீஸ்காரர் முகம் மலர்ந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு நிமிஷம் எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அளவு சந்தேகமாக இருந்தால் கம்பெனியில் நாங்கள் ஒரு தடவை அளந்துவிட்டு விடமாட்டோம். இன்னொரு தடவை எழுதுங்கள் என்றேன்.

இரண்டாவது தடவை மூன்று ஃபைல் பொருந்தவில்லை. சர்வீஸ்காரரால் நம்ப முடியவில்லை. நான் கேட்காமலே மூன்றாவது தடவை எழுதினார். அப்போது வேறு இரண்டு ஃபைல் கெட்டிருந்தது. பச்சை நிற நூறு சதவீதம் திரையின் ஓரத்தில் அப்படியே இருந்தது. முதலாளி வாரன்டி படிவத்தை எடுத்து, என்ன குறை என்று எழுதும் இடத்தில் என்ன எழுத என்று என்னையே கேட்டார். எழுதியது ஒன்று, திருப்பிக் கொடுப்பது வேறு என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார்.

மாற்று டிரைவ் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் தெருவின் காகிதங்கள் ஒற்றை எஸ்.எஸ்.டி.யிலும் வேப்பம்பட்டு நகலிலும் இருந்தன. தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பேன். புதியதை மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி எழுதவிட்டு, முழுதாகச் சரிபார்த்தேன். எரர் பூஜ்யம். பூஜ்யம் வந்ததற்காக அடுத்த மாதச் சரிபார்ப்பை விட்டுவிடவில்லை.

போன மாதம் யு.பி.எஸ். பேட்டரி வாங்க அதே கடைக்குப் போனேன். அதே சர்வீஸ்காரர்தான். புதுசு மேடம், தாராளமாக எடுத்துப் போங்கள் என்று பெட்டியைத் தள்ளினார். பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து, பெட்டியைப் பிரித்து, அங்கேயே இரண்டு முனையிலும் வைத்தேன். பதினொன்று புள்ளி நாலு வோல்ட். புது பேட்டரி என்றால் பன்னிரண்டரைக்கு மேல் காட்ட வேண்டும். அவரும் எட்டிப் பார்த்தார். உள்ளே போய் வேறு பேட்டரி எடுத்து வந்தார்.