என் பிள்ளையின் தலை கழுவிய சுபைதா மைனி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து காலையில் வந்த முதல் பஸ்ஸில் செய்தியும் வந்தது. சுபைதா மைனி மௌத்தாகிவிட்டார்கள், இரவே உயிர் பிரிந்துவிட்டதாம். அரிசி களைந்துகொண்டிருந்த நான் கையை உதறவும் மறந்து நின்றேன்.

மைனி என் கணவரின் மூத்த ராத்தா, அவருடன் பிறந்த அக்கா. அவர்களை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தக் குரல்தான். மடவளையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே எங்கள் வீட்டுக்குக் கேட்டுவிடும். நானும் அந்தக் குரலுக்குப் பயந்தவள்தான், என் மூத்த மகன் பிறக்கும் வரைக்கும்.

அவன் பிறந்து கொஞ்ச நாளில் உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டி, மீன் செதில் போல அடுக்கடுக்காய் ஏறியது. பார்க்க வந்த பெண்கள் பிள்ளையை மடியில் வாங்காமல் போனார்கள். இது ஹுன்னஸ்கிரியச் சொறி, தாய்வீட்டால் வந்தது என்றார்கள் என் கணவரின் தாயான மாமி. ஹுன்னஸ்கிரிய என் தாய்வீட்டு ஊர், வாப்பாவின் கடை அங்கேதான். நாற்பதாம் நாள் ஒஸ்தா வந்து பிள்ளைக்கு முடி இறக்க வேண்டும், ஊர் கூடும். பொருக்கில் கத்தி பட்டு இரத்தம் வந்தால் வெட்கம், ஆகவே பிள்ளையோடு உம்மா வீட்டுக்குப் போ, சுகமானால் கூப்பிடுகிறோம் என்று என் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அப்படிப் போனவர்களில் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்?

அன்றைக்குத்தான் மைனி வந்தார்கள். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உச்சியை மோந்து பார்த்தார்கள்.

"இந்தத் தலைக்கு எப்ப தண்ணி ஊத்தின?"

நாற்பது வரைக்கும் தலை நனையக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தினமும் தேங்காயெண்ணெய் தடவிச் சாம்பிராணிப் புகை காட்டுவோம், கழுவுவதில்லை. அதைச் சொன்னேன்.

"எண்ணெய்க்கு மேல எண்ணெய், அதுக்கு மேல புகை. புள்ளட தலையா இது, அப்பம் சுட்ட சட்டியா?" என்று சிரித்துவிட்டு மாமியிடம் திரும்பினார்கள். "உம்மா, பச்சப் புள்ளைகளுக்கு இது வாறதுதான். கழுவாம ஏத்தி வச்சது நாங்க."

சளி பிடித்தால் யார் பதில் சொல்வது என்று மாமி கேட்டார்கள். "நான் சொல்றேன். இவளும் எங்கயும் போகல்ல," என்றார்கள் மைனி.

நாற்பது முடியும்வரை தன் கட்டுகஸ்தோட்டை வீட்டை விட்டு எங்களோடு தங்கினார்கள். எண்ணெய் தடவிக் கொஞ்சம் ஊறவிடுவார்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரும் பயத்தமாவும் எடுத்து, நகம் படாமல் விரல் சதையால் தேய்த்துக் கழுவி, பழைய மல்துணியால் ஒற்றுவார்கள். நான் அவசரப்பட்டுப் பிய்க்கப் போனால் கையில் ஒரு தட்டு விழும். "வாறது வரட்டும். வராதத நாளைக்குப் பார்ப்போம்."

நாற்பதன்று ஒஸ்தா பிள்ளையின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தார். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பிள்ளை தூக்கத்திலிருந்து விழிக்கவும் இல்லை. மாமியே அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு பெண்ணின் மடியிலும் வைத்தார்கள். குசினிக்குள் அடுப்பருகிலிருந்து மைனியின் குரல் ஊருக்கே கேட்டது:

"நல்லா பாருங்க, ஹுன்னஸ்கிரியத் தலை!"

அதற்குப் பிறகு கட்டுகஸ்தோட்டையில் சிங்கள வீடுகளிலிருந்தும் தமிழ் வீடுகளிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மைனியிடம் வந்தார்கள். எல்லாருக்கும் அதே சிரிப்பு, அதே ஏச்சு.

மைனியின் மையித்தைக் குளிப்பாட்டும்போது தலைப்பக்கம் யார் நிற்பது என்று கேட்டார்கள். வயதான மாமி, மகளை இழந்த அந்த நேரத்திலும், கதிரையில் உட்கார்ந்தபடியே என்னைக் கை காட்டினார்கள்.

"என்ட மருமகள் வார்க்கட்டும்."

வார்த்தேன், மைனி. அந்த வீட்டு மருமகளாகத்தான் உங்களை அனுப்பி வைத்தேன். நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.