சொல்லாமல் விட்ட குளிசை

2024 ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் விடிய, குளிர்கால நேரத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். கந்தசஷ்டி தொடங்க ஒரு கிழமை இருந்தது. அதனால் அந்த நாள் எனக்குப் பிசகாமல் நினைவிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், இத்தாலியின் பலெர்மோ நகர மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் நானும் தங்கையும் பகேரியாவுக்கு ரயில் ஏறினோம்.

தங்கை பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். முந்திய ஆண்டு, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அவளுடைய வயிற்றுப் பிள்ளை இறந்துபோனது. அதன்பின் நித்திரையில்லை, கதை பேச்சில்லை. டொக்டர் மனச்சோர்வுக்குத் தினமும் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார். அது அவள் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எங்கள் சனம் அறிந்தால் ‘விசர்’, பைத்தியம் என்ற ஒரு சொல்லில் அவளை முடித்துவிடும்.

சிஞ்ஞோராவின் மகள் நல்ல மனம் உள்ளவள். இவள் வாடுவதைப் பார்த்து, பகேரியாவுக்கு வெளியே ஒரு பழைய வில்லாவில் நடக்கும் சடங்குக்குத் தன்னோடு வரச்சொன்னாள். அங்கே அயவாஸ்கா என்ற அமேசன் காட்டுக் கஷாயம் கொடுப்பார்களாம். குடித்தால் அடைபட்ட துக்கமெல்லாம் வெளியே வந்துவிடுமாம். அதற்கு முன் இரண்டு கிழமை இறைச்சி, சீஸ், வைன் எதுவும் தொடக்கூடாது.

“சஷ்டி விரதம் மாதிரித்தான் அக்கா. இந்த முறை கொஞ்சம் முந்தித் தொடங்கிட்டன் எண்டு நினை” என்றாள்.

கையில் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிறவள் நான். இதையும் தேடி வாசித்தேன். ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்து மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். அந்தக் காட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக நோயறியவும் துக்கம் ஆற்றவும் கொடுத்து வந்தது. குடித்தவருக்குக் கண்முன் காட்சிகள் ஓடும். வாந்தி வரும், அதைச் சுத்தமாவது என்கிறார்கள். மனச்சோர்வுக்கு உதவுமா என்று ஆராய்ச்சியும் நடக்கிறது. இத்தாலியில் தடை. அதை அவளிடம் சொன்னேன்.

“கஷாயத்தைத் தடை செய்யிற நாட்டிலை சிகரெட் கடைக்குக் கடை விக்குது” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

மறித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. தனியே விடக்கூடாது என்று கூடப் போனேன்.

ரயில் கடலோரம் போய்க்கொண்டிருந்தபோது அவள் கைப்பையைத் திறந்து, வழக்கமான குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“எடி, விரதமெண்டாய்?”

“விரதத்திலை குளிசைக்கு என்ன? அம்மா சீனிவருத்தக் குளிசையைப் போட்டுக்கொண்டுதானே சஷ்டி பிடிச்சவ.”

அது உண்மை. மருந்தால் விரதம் முறியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். நானும் தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். ஆனால் ஒன்று குடைந்தது. அமேசன் காட்டில் ஏது சீஸ்? அங்கே இல்லாத சாமானை விடச் சொல்வது சடங்குக்காக இருக்க முடியாது. அந்தக் கஷாயத்தோடு உடம்பில் எதுவோ ஒத்துவராது என்றுதானே அர்த்தம்? சீஸே ஒத்துவராவிட்டால் குளிசை?

“குளிசை எடுக்கிறதை அவையளுக்குச் சொன்னனியோ?”

“கேட்டவை. இல்லையெண்டுட்டன். சிஞ்ஞோராவின்ரை மகள் பக்கத்திலை நிண்டவ அக்கா. ஒரு விசரியிட்டையோ அம்மாவை விட்டிருக்கிறன் எண்டு நினைக்க மாட்டாவே?”

பகேரியாவில் இறங்கியதும் அவளை இழுத்துக்கொண்டு கண்ணில்பட்ட முதல் பார்மசிக்குள் போனேன். நல்லகாலம், திறந்திருந்தது. குளிசைப் பெட்டியைக் காட்டி, கஷாயத்தின் பெயரை மெல்லச் சொன்னேன். அங்கிருந்த பெண் மேசையைச் சுற்றி வெளியே வந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

“குடித்துவிட்டாயா?”

“இல்லை.”

அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாள். தங்கையின் குளிசை மூளையில் ஒரு பொருளைக் கூட்டுகிறது. அந்தக் கொடி, அதே பொருளை உடம்பு உடைப்பதைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காய்ச்சலும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். சீஸை விடச் சொன்னதும் அந்தக் கொடியால்தான். சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறிவிடும். “அதற்காக இந்தக் குளிசையை நீயாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டரிடம் கேள்” என்றாள். ஏன் போகிறாய், சட்டம் தெரியாதா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

வெளியே கிடந்த வாங்குப் பலகையில் இருந்து தங்கை அழுதாள்.

“அப்ப எனக்கு ஒண்டும் சரிவராதே அக்கா?”

அதற்குள், ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிப்போக வந்த சிஞ்ஞோராவின் மகள் எங்களைக் கண்டு காரை நிறுத்தினாள். நான் வாயெடுக்குமுன் தங்கையே எழுந்துபோய், தான் என்ன குளிசை எடுக்கிறாள், ஏன் எடுக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இத்துடன் வேலை போச்சு என்று நினைத்தேன்.

“மடைச்சி! என் கையாலேயே உன்னைக் கொண்டுபோய்க் கொன்றிருப்பேனே!” என்று அந்தப் பெண் நடுத்தெருவில் கத்திவிட்டு இவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு வில்லாவுக்குப் போன் எடுத்து நாங்கள் யாரும் வரவில்லை என்றாள்.

பலெர்மோவுக்குத் திரும்பும் வழியில் மூவரும் ஒரு கடையில் நின்றோம். இரண்டு கிழமை பத்தியம் இருந்தவள் இறைச்சி வைத்துப் பொரித்த அரஞ்சீனா சோற்றுருண்டையைச் சுடச்சுடக் கடித்தாள். “என்னடி இது?” என்றேன். “சஷ்டி இன்னும் வரேல்லை” என்றாள், வாய் நிறைய. ஓர் ஆண்டுக்குப் பிறகு அவள் பகிடி விட்டாள்.

திங்கட்கிழமை டொக்டரிடம் போனோம். அவர் மருந்தின் அளவை மாற்றி, பிள்ளையை இழந்த தாய்மார் கூடிக் கதைக்கும் ஓரிடத்துக்கும் அனுப்பினார். இன்றும் அவளுக்குக் கூடாத நாட்கள் வருகின்றன; ஆனால் இடையில் நல்ல நாட்களும் உண்டு. அந்தக் கஷாயம் யாருக்கும் உதவாது என்று சொல்ல எனக்கு அறிவு போதாது.

இப்போது யார் ஒரு கஷாயத்தை நீட்டினாலும், இருமலுக்குக் கொத்தமல்லி அவித்தது என்றாலும், தங்கை முதலில் தன் குளிசையின் பெயரைச் சபையில் உரக்கச் சொல்கிறாள்; அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எனக்கு இரண்டாம் முறை கிடைத்தவள் என்று என் நெஞ்சு ஆறுகிறது.