ஏழு பேருக்கு ஒரு கோட்டு: பாரிஸ் பழஞ்சந்தையில் ஒரு சனிக்கிழமை

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நானும் மகளும் பாரிஸ் போய் அன்றைக்கே திரும்பினோம். எதற்கு என்று கேட்கிறீர்களா? பழைய உடுப்பு வாங்க. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. லண்டன் நோர்பரியில் எங்களைத் தெரிந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், எலக்ட்ரீஷியன் பாலன் வீட்டு வாசலுக்குள் பழைய உடுப்பு நுழையாது என்றுதான் சொல்வார்கள். அது என் சட்டம். ஆரோ செத்தவன் போட்டது, மூதேவி, வீட்டுக்கு ஆகாது என்று இருபது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

மகள் ஆரணிக்கு இருபத்துமூன்று வயது. அவளுக்குப் பழைய உடுப்பு என்றால் உயிர். பழைய சாமான் விற்கும் தர்மக் கடைகளில் தேடித் தேடி வாங்குவாள், தானே தைத்துத் திருத்திப் போடுவாள். போன வருடம் மாசி மாதம், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய இரண்டு பை உடுப்பை அவளைக் கேட்காமல் கவுன்சில் தெருவில் வைத்திருக்கும் பழைய உடுப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதற்குள் அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய பச்சை ஜாக்கெட்டும் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. அந்த மாதமே லண்டனின் மறுகோடியில், பிளேஸ்டோவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நல்ல நாள் பெருநாளுக்கு வருவாள், “சாப்பிட்டீங்களா அப்பா?” என்பாள், அவ்வளவுதான்.

பாரிஸ் பழஞ்சந்தைக்கு அவள் தனியாகப் போகப் போகிறாள் என்று மனைவிதான் சொன்னார். “உங்களுக்குத்தானே பிரெஞ்சு தெரியும். போங்கோ. போய்ப் பிள்ளையோட கதையுங்கோ. எனக்கு இது பாக்க ஏலாமல் கிடக்கு” என்றார். எனக்கும்தான். எப்படியாவது அவள் என்னோடு பழையபடி கதைத்தால் போதும் என்றுதான் வெளிக்கிட்டேன். உடுப்பைப் பற்றி எனக்கு என்ன அக்கறை?

இனிப் பயண விபரம். லண்டன் செயின்ட் பாங்ராஸிலிருந்து காலை 7.01 ரயில். இரண்டு மாதம் முன்பே பதிந்ததால் போகவர ஆளுக்கு 78 பவுண்டு. போவதற்கு முந்தின கிழமை பதிந்திருந்தால் இரட்டிப்பாகியிருக்கும். நோர்பரியிலிருந்து விடிய ஐந்து மணிக்கு வாடகைக் கார், 34 பவுண்டு. ஆரணி பிளேஸ்டோவிலிருந்து சுரங்க ரயிலில் நேரே வந்துவிட்டாள். பாஸ்போர்ட் சோதனைக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கள், வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. ரயிலில் அவள் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நான் மனைவி கட்டித் தந்த இடியப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

பாரிஸ் நேரம் 10.20க்குக் கார் து நோர் ரயில் நிலையம். நாலாம் இலக்க மெட்ரோவில் மொன்பர்னாஸ், அங்கே மாறிப் பதின்மூன்றாம் இலக்கத்தில் போர்த் து வான்வ். ஒரு டிக்கெட் இரண்டரை யூரோ, மொத்தம் நாற்பது நிமிடம். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் சந்தை. சனி, ஞாயிறு காலையில் மட்டும். பெரிய கடைத்தெரு ஒன்றையும் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு வீதி ஓரமாக மேசையும் தரையில் விரித்த துணியும்தான். மரங்கள் இலை கொட்டத் தொடங்கியிருந்தன. பதினொரு பாகைக் குளிர், ஆனால் நல்ல வெயில்.

அங்கே என் மகள் வேறு ஆளாகிவிட்டாள். எதை எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைப் புரட்டினாள். “வெளியால எல்லாம் வடிவாத்தான் இருக்கும் அப்பா. லைனிங்கையும் அக்குளையும் பாருங்கோ. பிறகு மணந்து பாருங்கோ. ஊத்தை போகும், பூஞ்சண மணம் போகாது” என்றாள். கம்பளி உடுப்பை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டை தெரியும். ஜிப் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்த்தால் எவ்வளவு பழையது என்று ஒரு மட்டுக்குச் சொல்லலாமாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினெட்டு மாதத்தில் அவள் என்னோடு இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

முதலில் தொழிற்சாலைக்காரர் போடும் நீலப் பருத்திச் சட்டை ஒன்று. முழங்கையில் மூன்று ஒட்டு. விற்கிற மனுசி 35 யூரோ சொன்னார். “ஒட்டுக்கும் சேர்த்தே காசு?” என்றேன் ஆரணியிடம். “ஒட்டுக்குத்தான் காசு அப்பா” என்றாள் அவள். விலை பேசுவது என் பொறுப்பு. என்னுடைய பிரெஞ்சு உணவகக் குசினியில் பாத்திரம் கழுவிப் பழகியது. அதில் “கெதியாய்”, “இஞ்சை தா”, “சூடு, தள்ளு” என்பவைதான் சரளமாக வரும். நான் வாயைத் திறந்ததும் அந்த மனுசி இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். எந்த உணவகம் என்று கேட்டார். 28க்குத் தந்தார். லண்டனில் இதே சட்டை 90 பவுண்டு என்று ஆரணி சொன்னாள், நான் நம்பவில்லை, போனில் காட்டினாள்.

பிறகு பட்டுக் கழுத்துத்துணி ஒன்று எட்டு யூரோ, நெஞ்சில் சிவப்பு நூலால் யாரோ இருவரின் பெயர் முதலெழுத்துத் தைத்த லினன் இரவுச் சட்டை பதினைந்து யூரோ. எனக்கும் மெல்ல மெல்ல இளகி வந்தது. அப்போதுதான் ஒரு கருநீலக் கம்பளிக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, சும்மா போட்டுப் பாருங்கோ.”

போட்டேன். கை உள்ளே போனதும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. மற்றக் கையைப் போடாமலே கழற்றிக் கொடுத்தேன். அவள் கண்டுவிட்டாள். “என்ன அப்பா? உண்மையா என்ன?” என்றாள். மூதேவி கதை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் மறுபடி காதில் செருகிக்கொள்வாள் என்றும் தெரிந்தது. மூலையில் இருந்த கபேயில் இருந்து இரண்டு கோப்பி எடுத்தோம், கோப்பி ஒன்று 3.20. அங்கேதான் சொன்னேன். மனைவிக்கும் சொல்லாத கதை.

பிரான்சில் நான் ஆறு வருடம் இருந்தேன். பாரிஸில் தமிழர் கடைகள் இருக்கும் லா சப்பலில் லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி, ஒரு அறை, ஏழு பேர். அந்த அறைக்கு ஒரு நல்ல கோட்டு இருந்தது. எல்லோரும் காசு போட்டு வாங்கிய பழைய கருநீலக் கம்பளிக் கோட்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வேலைக்குப் போடக் கூடாது, கோயிலுக்குக்கூடப் போடக் கூடாது. அகதி விசாரணைக்கோ வக்கீலிடமோ போகிறவருக்கு மட்டும் அன்றைக்கு அது சொந்தம். உயரமானவர் கைமடிப்பை இறக்குவார், கட்டையானவர் ஊசி குத்தி மடிப்பார். எங்களில் மூத்தவர் குணம் அண்ணை. கோட்டைத் தூசி தட்டி அனுப்பிவிடுவது அவர்தான்.

என் வழக்கு இரண்டாம் முறையும் தள்ளுபடியானது ஒரு வியாழக்கிழமை. அந்தக் கோட்டோடு வக்கீலிடம் போய் அந்தச் செய்தியைக் கேட்டேன். வெளியே வந்தால் ஒருவன் சொன்னான், லண்டனுக்கு ஒரு வழி இருக்கு, இப்பவே வெளிக்கிடவேணும் என்று. எப்படி வந்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. கோட்டோடு வந்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் குணம் அண்ணைக்கு விசாரணை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க லண்டனில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன், பிறகு எரித்துவிட்டேன். அன்றிலிருந்து பழைய கோட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருபத்தைந்து வருடத்தில் பாரிஸுக்கு இரண்டு கல்யாணத்துக்கு வந்தும் லா சப்பல் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

ஆரணி கோப்பியைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்த அங்கிள் இப்ப எங்க?”

“லா சப்பலிலை கடை வைச்சிருக்கிறாராம்.”

“அது ஸ்டேஷனுக்குப் பக்கம்தானே? ட்ரெய்னுக்கு இன்னும் அஞ்சு மணித்தியாலம் இருக்கு.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

அவள் எழும்பிப் போனாள். பார்த்தால் அந்தக் கோட்டோடு திரும்பி வருகிறாள். 45 சொன்னதை 38க்குத் தானே பேசி, தன் காசில் வாங்கியிருந்தாள். “அவர் ஹைட்டா?” என்று கேட்டாள். ஓம், உயரம் என்றேன். “அப்ப அளவா இருக்கும்” என்றாள்.

கார் து நோரிலிருந்து லா சப்பல் கடைகளுக்குப் பத்து நிமிட நடைதான். எனக்கு அது அரை மணித்தியாலமாக இருந்தது. குணம் அண்ணையின் மளிகைக் கடை ஒரு குறுக்குத் தெருவில். வாசலில் வாழைக்காய்ப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை, உயரம் குறையவில்லை. என்னைப் பார்த்தார், பெட்டியைக் கீழே வைத்தார்.

“பாலனோ?”

“ஓம் அண்ணை. இது என்ர மகள். அண்ணை, அந்தக் கோட்டு...” கோட்டு வைத்த பையை நீட்டினேன்.

உள்ளே பார்த்துவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். “கோட்டோ! அட மடையா, அந்தச் சனிக்கிழமையே வேறை ஒண்டு வாங்கிட்டமடா. வான்வ் சந்தையிலை, அம்பது பிராங். அதோடைதான் செவ்வாய்க்கிழமை போனன். எனக்கு அகதிக் கார்டும் கிடைச்சிட்டுது. நீ கொண்டு போனது ராசியில்லாத கோட்டு.”

இருபத்தைந்து வருடம் என் தலையில் இருந்த பாரம் ஐம்பது பிராங். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“கோட்டை விடு. நீ ஏன்டா ஒரு போன் எடுக்கேல்லை?” குரல் மாறியிருந்தது. “லொறிக்குள்ளை ஆக்கள் செத்துக் கிடக்கினம் எண்டு ரேடியோவிலை சொன்னால் அண்டைக்கு ரூமிலை ஒருத்தரும் சாப்பிடேல்லை. எங்கட பெடியள் ரெண்டு பேர் கலே துறைமுகம் வரைக்கும் போய் உன்ர போட்டோவைக் காட்டிக் கேட்டவங்கள். மூண்டு மாசத்துக்குப் பிறகு ஆரோ சொல்லித்தான் தெரியும், நீ லண்டனிலை இருக்கிறாய் எண்டு.”

“வெக்கமாய் இருந்தது அண்ணை.”

“உனக்கு வெக்கம். எங்களுக்கு அந்த மூண்டு மாசமும் செத்தவீடு.”

வாடிக்கையாளர் ஒருவர் வெங்காய விலை கேட்டு வந்தார், அண்ணை சொன்னார், அவர் போனார். பிறகு அண்ணை கோட்டைப் போட்டுப் பார்த்தார். கை சரியாக இருந்தது. ஆரணியின் தலையில் கைவைத்து, “நல்ல சாமான் பாத்து வாங்கியிருக்கிறாய் பிள்ளை” என்றார். தேத்தண்ணி வைத்துத் தந்தார். தின்னத் தந்த ரோல்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

6.10 ரயிலில் திரும்பினோம். கடலடிச் சுரங்கத்துக்குள் போகும்முன் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். “பிள்ளை, உன்ர உடுப்பை உன்னைக் கேக்காமல் எறிஞ்சது பிழை. அந்தப் பச்சை ஜாக்கெட்டு மாதிரி ஒண்டு எங்கை இருந்தாலும் தேடித் தாறன்.”

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்தக் கோவம் ரெண்டு கிழமையிலை போயிட்டுது அப்பா. நான் ரூமுக்குப் போன முதல் நாள் ஹீட்டர் வேலை செய்யேல்லை. நீங்கள் எலக்ட்ரீஷியன். அப்பா போன் எடுப்பார், எடுத்தால் கேப்பம் எண்டு போனைப் பாத்துக்கொண்டு இருந்தன். நீங்கள் எடுக்கவேயில்லை.”

இடியப்பத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி தின்றோம். புளிக்கத் தொடங்கியிருந்தது, தின்றோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில. செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் கிழமை நல்ல காலம்: கோடைச் சனம் போயிருக்கும், குளிர் உடுப்பு மேசைக்கு வந்திருக்கும், விலை இன்னும் ஏறியிருக்காது. வான்வ் சந்தைக்கு ஒன்பது மணிக்கு முன் போனால் நல்ல சாமான், ஒரு மணிக்குப் பின் போனால் நல்ல விலை, இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இரண்டு மணிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். சில்லறை யூரோ கொண்டு போங்கள், பலர் அட்டை எடுப்பதில்லை. வணக்கம் சொல்லாமல் பொருளைத் தொடாதீர்கள், விலை கேட்க முன் வணக்கம் சொன்னால் அதிலேயே இரண்டு யூரோ குறையும். வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுவர முன் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி சாகும் என்கிறாள் ஆரணி. எங்கள் ஃப்ரீசரில் பாரை மீனுக்குப் பக்கத்தில் இப்போது அவள் அம்மாவுக்குத் தந்துவிட்ட பட்டுக் கழுத்துத்துணி கிடக்கிறது. இருவருக்கும் மொத்தச் செலவு, எல்லாம் சேர்த்து, 330 பவுண்டு அளவில் வந்தது. எங்களைவிட முன்கூட்டியே பதிந்தால் இன்னும் குறைக்கலாம்.

அந்தக் கிழமையிலிருந்து வேலை முடிந்ததும் வேனுக்குள் இருந்தபடி அவளுக்குப் போன் எடுக்கிறேன். என்ன கதைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்பேன், ஓம் என்பாள், சாப்பிட்டாயா என்பேன், ஓம் என்பாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நேற்று தோர்ன்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் வயரிங் வேலை இழுத்துவிட்டது, ஏணியில் நின்றதால் நேரம் போனதே தெரியவில்லை. ஏழே முக்காலுக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தால் ஆரணி.

“அப்பா, இண்டைக்கு என்ன, எனக்குப் போன் எடுக்கேல்லை?”