பாட்டிலில் வந்த நல்ல தண்ணீர்

ஆய்வக அறிக்கையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மூடிப்போன ஒரு சாயப்பட்டறைக்காரர் புதைத்துவிட்டுப் போன கசடு மூட்டைகளைத் தோண்டி அப்புறப்படுத்துவது எங்கள் வேலை. விஷம் எதுவரை பரவியிருக்கிறதோ அதுவரை மண்ணை அள்ள வேண்டும். சுற்றிலும் எடுத்த மண்ணெல்லாம் உப்பும் சாயமுமாக இருக்க, வேலிக்கு அடுத்த தோட்டத்தின் போர்த் தண்ணீர் மட்டும் சுத்தமோ சுத்தமாம்!

"அப்புறம் என்ன, வேலியோடு நிறுத்திக்கலாம்" என்றார் மேலாளர். நிறுத்தினால் அந்தத் தோட்டத்தை அதற்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். அடியில் கிடக்கும் விஷம் அந்தக் குடும்பத்துக்கே சொத்தாகிவிடும்.

தண்ணீர் மாதிரி எடுக்க நான் போயிருந்த அன்று மின்தடை. மோட்டார் ஓடவில்லை. கரண்ட் வந்ததும் பிடித்து வையுங்கள், டிரைவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று பாட்டிலை அந்தத் தோட்டத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது? எங்களுடையது பிழைக்க வந்த தெற்கத்திக் குடும்பம். இந்த ஊரிலேயே வளர்ந்தும் இவர்களுடைய உபசாரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி போனேன்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார் அக்கா.

"உட்கார்றது இருக்கட்டும்க்கா. பாட்டில்ல என்ன தண்ணி பிடிச்சீங்க?"

"நல்ல தண்ணிதானுங்க! புதுக் கேனை ஒடச்சு ஊத்துனனுங்க. பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவி வெச்சனுங்க." முகமெல்லாம் பெருமை.

"நான் போர்த் தண்ணி தானேக்கா கேட்டேன்!"

"ஏனுங்க, அத்தன தூரம் வந்து தண்ணி கேக்கறீங்க. அந்தக் கருமத்தையா புடிச்சுக் குடுக்கறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர்! மண்ணைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வீடு தேடி வந்தால், அழுக்கை ஒளித்துவைத்துவிட்டு நாலு பேரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நோயை மறைத்தால் வைத்தியர் என்ன செய்வார், தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால்தானே உங்கள் மண்ணை அள்ளுவார்கள் என்று தொண்டை வறளக் கத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன செய்வது, குடித்தேன்.

இந்த முறை நானே மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் வெளிறிய மஞ்சளாக வந்தது. பாட்டிலை நிரப்பி மூடுவதற்குள் விரல்களில் பிசுபிசுப்பு ஏறிவிட்டது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"அம்மிணி, அங்க யாரும் இதையக் குடிச்சுற மாட்டாங்களே?"

"மெஷின்லதான்க்கா ஊத்துவாங்க. யாரும் குடிக்க மாட்டாங்க."

"அப்பச் சரிங்க" என்று நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு, நான் மோட்டாரை நிறுத்தப் போவதைத் தடுத்து, அதே குழாயில் ஒரு குடத்தை வைத்தார்.

"அது எதுக்குக்கா?"

"சோத்துக்கு ஒலை வெக்கோணுங்க."

"கேன் தண்ணி இருக்கே!"

"அது வாரவங்களுக்குங்க. எங்களுக்கு இதே பழகிப்போச்சு."

நான் குடித்த மோர் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று கேட்கத் தேவையில்லை; நானும் வந்தவள்தானே. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் உள்ளே போனார். எனக்கு மறுபடியும் கத்தவேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.